பால்குடத்துக்கு விடுப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மனநல வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு ஆகாத குணம் இது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நோயாளிகளிடம் நான் அதிகம் கோபப்பட்டதில்லை. அவர்களைப் பார்க்க வருகிறவர்களிடம்தான் என் வாய் நீளும். அதிலும் ஒரு அண்ணன்காரரிடம் நன்றாகவே நீண்டது.

அவருடைய தங்கை எங்கள் மறுவாழ்வு வார்டில் இருந்தாள். முப்பதைத் தாண்டிய பெண், கூலாய் ஊர்க்காரி. நோய் அடங்கியவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் சமைக்கவும், துணி துவைக்கவும், பஸ் ஏறிக் கடைக்குப் போய்வரவும் மறுபடி பழகிக்கொள்ளும் இடம்தான் மறுவாழ்வு வார்டு. எல்லாம் பழகி முடித்த பிறகும் கூட்டிப்போக ஆளில்லாமல் அங்கேயே தலை நரைத்துப் போனவர்களும் உண்டு. அவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். இவள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் கெட்டவர் இல்லை. சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். இருந்தும் மாதம் தவறாமல் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்தோடு தங்கையைப் பார்க்க வந்துவிடுவார். அவள் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குக் கூட்டிப்போகிற பேச்சை எடுத்தால் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

“வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு மிஸ்ஸி. நான் பகல் முழுக்க இருக்க மாட்டேன். வைஃப் தனியா பயப்படுறா.”

எங்கள் ஊரில் நர்ஸ் எல்லாருமே மிஸ்ஸிதான். எத்தனை வயதானாலும் மிஸ்ஸிதான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அவள் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஷிப்டு முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருப்பாளாம். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாளாம், உடம்பு மெல்ல ஆடுமாம். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்த காலம் அது. எங்கள் ஆட்கள் கண்ணை மூடி உதட்டை அசைக்கிற பெண்ணைப் பார்த்தால் முதலில் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவளுக்கு அம்மன் வந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, மஞ்சள் புடவை வந்தது, வேப்பிலை வந்தது. அதன் பின்னாலேயே நம்பர் கேட்கிற கூட்டமும் வந்தது.

நாலு நம்பர் லாட்டரிதான். குலுக்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வாசலில் செருப்பு விட இடம் இருக்காதாம். குரல்கள் என்ன சொன்னனவோ அதை அவள் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒருவருக்கு ஆறுதல் பரிசு அடித்தது. அதற்குப் பிறகு எதுவும் அடிக்கவில்லை. நம்பர் அடிக்காத சாமி சாமியாக இருக்க முடியாதே! பேய் என்று சொல்லிவிட்டார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் ஒரு மழை நாளில், தொலைக்காட்சி தன்னைத் திட்டுகிறது என்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கால்வாயில் போட்டாள். தடுக்கப் போன அண்ணிக்குக் கையில் அடி. அதன் பிறகுதான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அம்மனாகவும் பேயாகவும் இருந்து முடித்த பிறகு நோயாளி ஆவதற்குள் இரண்டு வருடம் வீணாகியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் கத்தோலிக்கப் பெண். அதற்காக இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு உரிமை கிடையாது. எங்கள் ஜெபக்கூட்டத்தில் என் சித்தி அந்நிய பாஷை பேசிக்கொண்டே பின்பக்கமாகச் சாய்வார். பிடிப்பதற்கு ஆள் தயாராக நிற்கும். பிறகு எழுந்து பிஹூன் சேமியா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அவருக்கு யாரும் ஊசி போட்டதில்லை.

ஒரு மத்தியானம் நானும் அவளும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று சொன்னாள்.

“மிஸ்ஸி, சத்தம் கொறைஞ்சா அம்மாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். கொறைஞ்சிருச்சு. எடுக்கணும்.”

கூலாய்க்கு வெளியே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிற மாரியம்மன் கோயிலைச் சொன்னாள். அவளுடைய அப்பா வேலை பார்த்த தோட்டம். திருவிழாவுக்கு அவள் வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள்.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது நானே பேச்சை எடுத்தேன்.

“அலமாக்! கோயிலுக்கா?” என்றார். “அங்க வர்ற பாதிப் பேரு எங்க வீட்டு வாசல்ல நம்பர் கேட்டு நின்னவங்க மிஸ்ஸி. உருமிச் சத்தம் கேட்டு இவளுக்கு மறுபடி வந்துருச்சுன்னா?”

தங்கை நாசி லெமாக்கைச் சாப்பிடாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

“சரி. ஒன்னும் ஆகாம ஒழுங்கா எடுத்து முடிச்சிட்டான்னா வீட்டுக்குக் கூட்டிக்கிறேன். அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா, இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு யாரும் என்கிட்டச் சொல்லக்கூடாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்த்து, நாங்கள் பார்த்து, எல்லாரும் சரி என்று சொன்ன பிறகு இவர் தனியாக ஒரு பரீட்சை வைக்கிறார். அதுவும் எங்கே? நன்றாக இருக்கிறவர்களே ஆடுகிற இடத்தில்.

“ஏங்க, இந்தப் பரீட்சைய உங்க வைஃபுக்கு வச்சா அவங்க பாஸ் ஆவாங்களா?” என்று கேட்டுவிட்டேன். சத்தம் அலுவலகம்வரை போயிருக்கவேண்டும். வார்டு சிஸ்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். அண்ணன் எழுந்து போனார். அவர் போன பிறகு தங்கை சிரித்தாள்.

“நீங்க கேட்டது சரிதான் மிஸ்ஸி. அண்ணிக்கு வருசா வருசம் அருள் வரும்.”

விரதம் ஆரம்பித்தது. வார்டில் விரதம் இருப்பது லேசான காரியம் இல்லை. சமையற்கட்டிலிருந்து காய்கறிச் சாப்பாடு வரும், அதில் நெத்திலி கிடக்கும். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற சமையற்கட்டு மலாய்க்கார அம்மாளிடம் போய் இரண்டு முறை சண்டை போட்டேன். மூன்றாம் முறை நிதானமாக, நோன்பு மாதிரிதான் இதுவும் என்று சொன்னேன். அதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று அவர் என்னைத் திட்டிவிட்டு, அன்று முதல் தனிச் சட்டியில் சமைத்து அனுப்பினார்.

நடுவில் அண்ணி போன் செய்தார்.

“மிஸ்ஸி, வெரதம் முடியிற வரைக்கும் மாத்திரைய நிறுத்தலாமா? உடம்பு சுத்தமா இருக்கணும்னு இங்க சொல்றாங்க.”

“நிறுத்துனீங்கன்னா நான் பெட்டி படுக்கையோட உங்க வீட்டுக்கு வந்துருவேன். மாத்திரை வெரதத்துல சேராது. ஒரு வேளை கூடத் தவறக்கூடாது, ஓகே லா?”

“இல்ல மிஸ்ஸி, கேட்டுக்கலாம்னுதான்” என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது. பயப்படுகிறவர் போன் செய்து கேட்டாரே என்று பிறகு எனக்கே மனசு இளகியது.

திருவிழாவையொட்டி டாக்டர் அவளுக்கு மூன்று நாள் வீட்டு விடுப்பு எழுதினார். வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை காலை திரும்பவேண்டும். வீட்டு விடுப்பில் போகிறவர்களுக்கு ஒரு பை கட்டிக் கொடுப்போம். திரும்பி வந்ததும் அந்தப் பையை மேசைமேல் வைத்துத் திறந்து சோதிப்பது வார்டு வழக்கம். லைட்டர், பிளேடு, கண்ணாடிப் பாட்டில் எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது. சோதனை முடிந்ததும் துணிகளை மடித்து மறுபடி அலமாரியில் வைப்போம். வீட்டு வாசனையோடு வந்த துணிகளை அந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டும் வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவளுடைய நீலப் பையை அப்படி நான் பல முறை திறந்திருக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டாள். “மிஸ்ஸி, ஞாயித்துக்கிழம உங்களுக்கு ஆஃப்தானே? வருவீங்களா?”

வருகிறேன் என்றேன். தம்போயில் இருக்கிற என் வீட்டில் பெரிய வேடிக்கையாகிவிட்டது. “பூசைக்கு மட்டம் போட்டுட்டுப் பால்குடத்துக்குப் போறியா? ஃபாதருக்கு என்ன சொல்றது?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்க் கணக்கைத் தீர்த்துவிட்டு, ஞாயிறு காலை காரை எடுத்தேன்.

தோட்டத்து முச்சந்திப் பிள்ளையாரிடமிருந்து ஊர்வலம் புறப்பட்டது. செம்பனைகளுக்கு நடுவே தார்ச்சாலை, அதன் முடிவில் கோயில். வெறுங்காலோடு நடந்த எனக்குப் பத்தடிக்குள்ளேயே பாதம் கொப்புளித்துவிடும் போலிருந்தது. அவள் மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு, எனக்கு இரண்டு எட்டு முன்னால் போனாள். பக்கத்தில் அண்ணி, அவர் தலையிலும் ஒரு குடம். சாலையோரமாகவே நடந்து வந்த அண்ணன், கையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தங்கையின் முகத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. என் கண்ணும்தான்.

வார்டில் அவளுக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தேன். சத்தம் நெருங்குவது போலிருந்தால் கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டுபோகவேண்டும். கால் தரையில் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அவள் அதைச் செய்துகொண்டுதான் வருகிறாளா என்று அவள் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரே சீராக எடுத்து வைத்தாள்.

கோயில் வளைவுக்கு முன்னால் உருமி வேகமெடுத்தது. வயிற்றுக்குள் புகுந்து உலுக்குகிற சத்தம். எனக்கே கால் தடுமாறியது. முன்வரிசையில் ஒரு பெண் ஓங்கிக் குரல் கொடுத்தார். அடுத்து இன்னொருவர். பிறகு அண்ணி.

அண்ணிக்கு வந்த வேகத்தில் கூந்தல் அவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவர் தலையிலிருந்து குடத்தை வாங்கினார்கள். ஒருத்தி இடுப்பில் துண்டைச் சுற்றிப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஒருத்தி முடியை ஒதுக்கினாள், ஒருத்தி காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். விழாமல் பார்த்துக்கொள்ள மட்டும் நாலு பேர். எங்கள் வார்டில் ஒரு ஷிப்டுக்கே இத்தனை கை கிடைக்காது. யாரும் பயப்படவில்லை. வார்டில் நாங்கள் கேட்பது போல, இன்றைக்கு என்ன கிழமை, நீ இருப்பது எந்த இடம் என்று யாரும் அவரை விசாரிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வேடிக்கையில் தங்கையை மறந்திருந்தவள் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கண்களை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. உடம்பு லேசாக ஆடியது. உதடுகள் வேகமாக அசைந்தன.

உதட்டசைவு எங்கள் வேலையில் முக்கியம். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதுகிற வரி அது. என் பின்னால் ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. “அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் வந்துருச்சு பாரு!” அண்ணன் போத்தலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் அவரை முந்திக்கொண்டேன். ஒரு கையை நான் பிடிக்க, மறு கையை அவர் பிடித்தார். குடம் ஆடிப் பால் என் மணிக்கட்டில் சிந்தியது.

அவள் கண்ணைத் திறந்தாள். தெளிவான கண்கள். என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“விடுங்க மிஸ்ஸி, பால் சிந்துது. நான் சாமி கும்பிடுறேன்.”

நான் கையை எடுத்துவிட்டேன். அண்ணன் எடுக்கவில்லை.

“அண்ணா” என்றாள் மெதுவாக. அவரும் விட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சாலையில் நூறு பேருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் அவளுடைய உதட்டசைவை மட்டும் குற்றமாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணனைப் பரீட்சை வைக்கிறார் என்று திட்டினேனே, நான் வைத்துக்கொண்டிருந்தது மட்டும் என்னவாம்?

அவள் அதே சீரான நடையில் வளைவைத் தாண்டி உள்ளே போனாள். பூசாரி குடத்தை வாங்கி அம்மனுக்கு ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை நின்று கும்பிட்டாள். வெளியே வந்ததும் சட்டை போடாத ஒரு பெரியவர் நைசாக அவள் பக்கத்தில் வந்தார்.

“ஏம்மா, உள்ளாற இன்னிக்கு ஏதாச்சும் தோணுச்சா?”

“தோணுச்சு அங்கிள்” என்றாள். “பசிக்குது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் முறைத்துக்கொண்டே போனார்.

அன்னதானப் பந்தலில் அண்ணி பாயில் கிடந்தார். அருள் இறங்கிய பிறகு வருகிற அசதி. கைகால் அசைக்க முடியவில்லை. தங்கை ஒரு அட்டையை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நடுநடுவே தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் வார்டில் கற்றுக்கொண்ட பிடிதான் அது, கழுத்துக்குக் கீழே கை கொடுத்து. நான் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

“அங்க வாய்க்குள்ள என்னா சொல்லிக்கிட்டு இருந்த?” என்று கடைசியில் அவரே கேட்டார்.

“அம்மா தாயேன்னு சொன்னேன். நடுவுல மிஸ்ஸி சொல்லிக் குடுத்ததயும் சொன்னேன், கால் தரையில இருக்கு, கால் தரையில இருக்குன்னு. ரெண்டும் கலந்து வந்துருச்சு.”

அவர் தலையாட்டினார். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. அண்ணனைப் பார்க்காமலே, சாதாரணமாகக் கேட்டாள்.

“அண்ணா, அண்ணிக்கு இன்னிக்கு வந்துச்சே, அவங்கள எங்க கொண்டுபோய் விடப்போறீங்க?”

அவர் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. கோபமாகக் கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை, கேலிகூட அரைவாசிதான். மிச்சம் நிஜமான கேள்வி.

முதலில் சிரித்தது அண்ணிதான். கண்ணைத் திறக்காமலே, தெம்பில்லாத குரலில், “மிஸ்ஸி, எனக்கும் ஒரு கட்டிலு போட்டு வைங்க” என்றார். சொல்லிவிட்டுத் தடவித் தடவி நாத்தனாரின் கையைத் தேடிப் பிடித்தார். அப்படிப் பிடித்த அண்ணியின் கைதான் அன்று கால்வாய் ஓரம் அடி வாங்கியது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைப்பது போலத்தான் துடைத்தார், ஆனால் நெடுநேரம் துடைத்தார்.

“சாப்பிடு” என்றார் தங்கையிடம். “சோறு ஆறுது.”

வீட்டுக்குக் கூட்டிப்போகிற பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்து வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. வேலை ஓடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அண்ணனும் தங்கையும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அவள் தோளில் நீலப் பை. பை திரும்பி வந்துவிட்டது, அவளும் திரும்பி வந்துவிட்டாள். வழக்கம் தெரிந்தவள், நான் சொல்வதற்கு முன்னாலேயே பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டிவிடுவேன். ஜிப்பை இழுத்துக் கையை உள்ளே விட்டேன்.

பை காலி. அடிவரை துழாவினேன். பக்கப் பைகளையும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“துணியெல்லாம் எங்க?” என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

“அண்ணி தொவச்சுக் கொடியில போட்டுருக்காங்க மிஸ்ஸி” என்றாள். “இங்க மிச்சம் இருக்கறத எடுக்கத்தான் பையக் கொண்டாந்தோம்.”

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“டாக்டர் வந்துட்டாரா மிஸ்ஸி?” என்று கேட்டார். “கையெழுத்து எங்க போடணும்?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க, இவ்வளவு லேட்டாவா வர்றது என்று இருவரையும் சேர்த்து ஒரு அதட்டு அதட்டினேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, காலிப் பையோடு அவளுடைய அலமாரியைத் திறக்கப் போனேன்.